ஒருவர் என்னும் சொல்

விடத்தல்தீவிலே மாதா கோயில் மணியோசையும் பள்ளிவாசற் பாங்கொலியும் ஒரே கடற்காற்றிற் கலந்து வந்தன. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட பொழுது அவற்றுள் ஒன்று அடங்கிற்று. போர் ஓய்ந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். இத்தகைய கரையில் வகுப்பறைக்குட் புகுந்து "கடவுள் ஒருவரே" என்று கூறும் ஆசிரியனை மறுக்கும் மாணவன் இலன். எவ்வாறு ஒருவர் என வினவிய அளவிலே வேற்றுமை தலைதூக்கும். அவ்வேற்றுமையை நாம் செம்மையாகக் கற்பிக்கின்றோமா என்பதே நமது ஐயம்.

இவ்வழக்கின் மூலம் யூதருக்கும் கிறித்தவருக்கும் இடையே எழுந்ததாகும். காலையும் மாலையும் யூதர் ஓதும் 'செமா' என்னும் அறிக்கை கடவுளின் ஒருமையையே சாற்றுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடீஸ் அவ்வொருமைக்கு வரம்பு கட்டினார். ஓரினத்துப் பலவற்றுள் ஒன்று போன்றதன்று அது. கூறுபடும் உடலொன்றின் ஒருமையும் அன்று. கடவுளுக்குத் தன்மைகளை ஏற்றிக் கூறுவதையும் அவர் ஒப்பவில்லை. அவ்வாறு கூறுவோரைத் திரித்துவம் பேசும் கிறித்தவரோடு ஒப்பிட்டார்.

கிறித்தவரோ அவ்வொருமையைக் கைவிட்டவரல்லர். கட்டளைகளுள் முதன்மையானது எதுவென வினவப்பட்டபோது இயேசு எடுத்துக்காட்டியதும் அந்த அறிக்கையே என மாற்கு நற்செய்தி கூறும். 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சங்கங்களின் வழியே திரித்துவக் கோட்பாடு உருப்பெற்றது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என ஆட்கள் மூவர், உள்பொருள் ஒன்றே. மூன்று தெய்வங்கள் எனக் கொள்வாரைத் திருச்சபையே மறுக்கும்.

நிற்க. நம் ஆசிரியன்மார் இங்கே இரண்டு பிழை செய்கின்றனர். நீர், பனிக்கட்டி, ஆவி என ஒன்றே மூன்றாதல் போல என்பது முதலாவது. எளிய உவமைதான், ஆயின் ஒரே கடவுள் மூன்று கோலங்களில் தோன்றினார் என்று மூன்றாம் நூற்றாண்டிற் போதித்த சபேலியுஸின் கொள்கைக்கே அது பொருந்தும். அக்கொள்கையைத் திருச்சபை அன்றே தள்ளிவிட்டது. மற்றையது மும்மூர்த்தி உவமை. படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழில் பகுத்துக் கொண்ட மூவரல்லர் திரித்துவத்தார். சைவ சித்தாந்தமோ சிவபரம்பொருளை அம்மூவர்க்கும் மேலாகவே வைக்கின்றது. ஓருவமையால் இரு சமயத்தையும் பிழைபடக் கூறுவது அரிய திறமையே!

சொல்லும் ஓரளவு குற்றவாளி. இலத்தீன் மொழியில் நடிகன் அணியும் முகமூடியைக் குறித்த சொல்லே பின்னர் இக்கோட்பாட்டிற்குக் கருவியாயிற்று. தமிழில் அதற்கு 'ஆள்' என்றோம். கரைவலை இழுக்க எத்தனை ஆள் என எண்ணிப் பழகிய பிள்ளைக்கு மூன்று ஆள் என்றதும் மூன்று மனிதரே கண்முன் நிற்பர். அது பிள்ளையின் குற்றமன்று.

தமிழில் இப்பொருளை அச்சேற்ற முற்பட்டவரை இவ்விடத்து எண்ணாதிருக்க இயலவில்லை. என்றீக்கே என்றீக்கசு அடிகளார் 1520இல் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவிற் பிறந்தவர், யூத மரபினர். அம்மரபு காரணமாகவே பிரான்சிஸ்கன் சபையினின்றும் நீக்கப்பட்டு, இயேசு சபையிற் சேர்ந்து, முத்துக்குளித்துறையிலும் நமது மன்னாரிலும் தொண்டாற்றினார். 1578 ஒக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுடையது. செமா ஓதிய குலத்து வழித்தோன்றல் ஒருவர், தமிழரின் 'தம்பிரான்' என்னும் சொல்லையெடுத்து அதன் தலைப்பில் வைத்தார். நம் கரையின் வரலாற்றில் இதனினும் வியத்தகு செய்தி அரிது.

அங்ஙனமாயின் இருவரும் தொழுவது ஒரே கடவுளைத்தானா? மாணவன் கேட்கத்தான் செய்வான். ஆம் எனச் சொல்லி அமர்ந்துவிடுதல் நமக்கு எளிது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட யூத அறிஞரும் இரபிகளும் கையொப்பமிட்டு, 'தப்ரு எமெத்' என்னும் அறிக்கையில் ஆம் என்றே எழுதினர். 'உண்மை பேசுங்கள்' என்பது அத்தலைப்பின் பொருள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து யூத அறிஞர் யோன் லெவென்சன் அதனை ஏற்கவில்லை. வேற்றுமைகளை மழுப்பி எய்தும் உடன்பாடு எத்தகையதெனக் கேட்டு விரிவாக எழுதினார். இரு தரப்பையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, மாணவரைப் பேச விடுதலே நாம் கைக்கொண்ட முறை.