அரபு வீட்டில் முதல் வாரம்



மட்டக்களப்பு வாவிக் கரையில், ஏறாவூரிலும் காத்தான்குடியிலும், வீடு என்பது பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைப்பது நமது வழமை. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு வேண்டும். அந்தச் சுவர்கள் எழும்புவதற்காகவே எத்தனையோ உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் விமானம் ஏறினார்கள். ஊரில் வீட்டுக்காரியாக இருந்தவள், அங்கே இறங்கியதும் இன்னொருத்தியின் வீட்டில் பணிப்பெண் ஆகிறாள். முதல் நாளில் மனதில் தைப்பது இதுதான்.

குளிரூட்டி ஓடும் அந்த வீட்டில் ஜன்னல்கள் எந்நேரமும் பூட்டியே இருக்கும். வாவிக் காற்று வராது. வேலிக்கு மேலால் கதைக்கப் பக்கத்து வீட்டு ராத்தா இல்லை. சவூதியில் இரவு ஒன்பதரைக்கு வேலை முடிகிறபோது இங்கே நள்ளிரவு 12 மணி. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பாங்கு மட்டும் ஊரில் கேட்ட அதே பாங்கு. அதைக் கேட்டு மனம் கொஞ்சம் ஆறும்.

ஆனால் அந்தப் பாங்கின் மொழிதான் வீட்டுக்குள் நம்மைத் திகைக்க வைக்கிறது. சிறு வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவர்கள் நாம். அரபு எழுத்து நமக்குப் புதிதல்ல. எனினும் வீட்டு எசமானி கதைப்பதில் ஒரு சொல்கூட விளங்காது. ஓதும் அரபு வேறு, அடுக்களையில் பேசும் அரபு வேறு. தண்ணீருக்கு ஓரிடத்தில் 'மோயா' என்பார்கள், இன்னோரிடத்தில் 'மாய்' என்பார்கள். புதிதாகப் போனவள் ஏச்சுக்குப் பயந்து, விளங்காமலே தலையாட்டுகிறாள். ஆபத்து அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது.

நமது கிழக்கு மாகாணத்து மூதூரிலிருந்து 2005இல் சவூதி சென்ற றிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். வயதைக் கூட்டி எடுத்த கடவுச்சீட்டில் போனபோது அவருக்கு 17 வயது. போன சில வாரங்களிலேயே, அவர் பாலூட்டிய நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியதாக அவர் சொன்னார். கொலை என்று வழக்கானது. முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதி பெற்றவரல்லர் என்று அவர் சார்பில் எடுத்துச் சொல்லப்பட்டது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. ஒரு பிள்ளை தன் பக்கத்து நியாயத்தைத் தன் வாயால் சொல்ல முடியாமல் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆகவே, போகத் தீர்மானித்த சகோதரி முதலில் தயார் செய்ய வேண்டியது பெட்டியை அல்ல, நாவை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புதிதாக வீட்டுப் பணிக்குச் செல்வோருக்குப் பயிற்சி நடத்துகிறது. அதை வெறும் சான்றிதழுக்காக முடிக்காதீர்கள். தண்ணீர், பால், நெருப்பு, நோவு, மருந்து, உதவி என்று அன்றாடம் தேவைப்படும் ஐம்பது சொற்களையாவது, ஊரில் அரபு நாடு போய் வந்த ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பழகுங்கள். "மா ஃபஹிம்த்" என்பதை முதலில் பழகுங்கள். 'எனக்கு விளங்கவில்லை' என்பது பொருள். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். விளங்காத தாளில், எந்த நாட்டிலும், கையொப்பம் வைக்காதீர்கள். வயதில் ஒரு நாள்கூடக் கூட்ட முகவருக்கு இடம் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். இலங்கைத் தூதரகத்தின் இலக்கமும் வீட்டு இலக்கமும் மனப்பாடமாக இருக்கட்டும். ஏனெனில் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடும் வீடுகளும் உண்டு.

வீட்டிலிருக்கும் வாப்பாமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு சொல். முதல் மாதம் அழைப்பு வந்தால் சம்பளம் வந்ததா என்று பிறகு கேளுங்கள். அங்கே பேசுவது விளங்குகிறதா, யாரும் கை நீட்டுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். வீடு ஒரு வருடம் பிந்திக் கட்டினாலும் எழும்பும். அதில் குடியிருக்க உம்மா திரும்பி வரவேண்டும்.