சல்லடைக்குப் பின்னால் ஒன்றுமில்லை

வேடசந்தூர் ஆத்துமேட்டில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகும் குட்டியானை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஹெட்லைட் எரியாமல் வந்து நிற்கும் வாடகைக் கார் இவைதான் என் பிழைப்பு. அதனால், மஞ்சள் நிறத்தில் இரண்டு கதவு வண்டியொன்று தரையை உரசாத குறையாகக் கர்நாடகா நம்பரோடு வாசலில் வந்து நின்றபோது, எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பெங்களூரில் வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, கம்பெனி செட்டு அப்படியே இருக்கட்டும். பின்னாடி மட்டும் ரெண்டு ஸ்பீக்கர் போட்டுக் குடுங்க. சவுண்டு பத்தல."

பின்னால் எட்டிப் பார்த்தேன். பேருக்கு இரண்டு சீட். எட்டாவது படிக்கும் என் பையனை உட்காரவைத்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

"இதுல யாருப்பா உட்காருவா?"

"யாரும் உட்கார மாட்டாங்கண்ணே. பேக்தான் வைப்பேன்."

பேக்குக்குப் பாட்டு எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் கடை நடத்த முடியாது.

அதே வாரம் இன்னொரு வண்டி வந்தது. எரியோடு பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருப்பவருடைய வெள்ளைக் கார். நான்கு கதவு, மாதத் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிவர்ஸ் கேமராவில் படம் வரவில்லை என்று கொண்டுவந்தார். பின் சீட்டில் அவருடைய அப்பத்தாவும் இரண்டு பிள்ளைகளும். வயரைத் தேடிப் பின் கதவின் டோர் பேடைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் அந்த பேடில் ஸ்பீக்கருக்கென்றே அழகாகச் சல்லடை போட்டிருந்தது. உள்ளே ஸ்பீக்கரைக் காணோம். உட்கார வேண்டிய வட்டம் மட்டும் வெறுமனே இருந்தது, அதன் மேல் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாள்.

"இதுல ஸ்பீக்கர் இல்லையா?" என்றார் அவர். இரண்டு வருடமாக ஓட்டுகிறார். முன்னால் ஓடுவது பின்னாலும் ஓடுவதாகவே நினைத்திருந்திருக்கிறார். யாருக்குத்தான் தோன்றும்? ஜன்னல் இருந்தால் அறை இருக்கும் என்றுதானே நம்புவோம்.

யாரும் உட்காராத இடத்துக்கு ஸ்பீக்கர் கேட்கிறார் ஒருவர். மூன்று பேர் உட்காரும் இடத்தில் வெறும் சல்லடையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் இன்னொருவருக்கு. கார் ஸ்டீரியோ விஷயத்தில் நம் புத்தி எப்படி ஓடுகிறது என்பதற்கு இந்த இரண்டு வண்டிகளே போதும்.

முதலில் ஸ்போர்ட்ஸ் கார் தம்பிக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். சத்தம் பத்தவில்லை என்றால் ஸ்பீக்கரைக் கூட்டு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். திருவிழாவுக்குக் குழாய் கட்டின காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாவது முடித்ததும் மைக்செட்காரர் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டியவன் நான். நாலு தெருவுக்குக் கேட்கவில்லையா, நாலு குழாயைக் கூடக் கட்டு. காருக்குள் அந்தக் கணக்கு செல்லாது.

கம்பெனி செட்டின் பெட்டியில் 50 வாட், நாலு சேனல் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பக் கூடாது. வண்டி ஓடும்போது பேட்டரியில் இருப்பது சுமார் 14 வோல்ட். சாதாரணக் கார் ஸ்பீக்கர் 4 ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், சுத்தமான சத்தமாக ஒரு ஸ்பீக்கருக்கு 25 வாட்டைக்கூடத் தொட முடியாது. சேதாரம் போக 18, 20 வாட் நிற்கும். அதற்கு மேல் வருவது பாட்டில்லை, கரகரப்பு. முன்னால் இருக்கும் இரண்டோடு பின்னால் அதே மாதிரி இரண்டைச் சேர்த்தால் கூடுவது ஏறக்குறைய 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் 10 டெசிபல் வேண்டும். கதவைப் பிரித்து, தகட்டை வெட்டி, வயர் இழுத்து, கடைசியில் வால்யூமை ஒரு மாத்து கூட்டியதுதான் மிச்சம்.

சிலர் அதிலும் குறுக்கு வழி பார்ப்பார்கள். முன் ஸ்பீக்கர் வயரிலேயே பின் ஸ்பீக்கரையும் முறுக்கி விடுவார்கள். பேரலலில் போட்டால் 4 ஓம் 2 ஓமாகிவிடும். செட்டுக்குள் இருக்கும் ஐ.சி. சூடேறி, ஒருநாள் பழனி போகும் வழியில் மூச்சை விடும். சீரிஸில் போட்டால் 8 ஓம். எதுவும் எரியாது, ஆனால் பாட்டு சோகையாகிவிடும். பின் சேனல் செட்டிலேயே இருந்தால் அதிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் வயரையே உள்ளே வாங்கிக்கொள்ளும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை, பேட்டரி ஓரமாகவே ஃபியூஸ் போட்டு வைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

சத்தத்தைவிட முக்கியமான விஷயம் திசை. கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்: ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1949-லேயே எழுதி வைத்துவிட்டுப் போன சங்கதி. ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் எது வந்து சேருகிறதோ அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று காது முடிவு கட்டிவிடும். சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். அந்த மஞ்சள் வண்டியில் டிரைவர் காதுக்கும் முன் கதவு ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தூரம். பின்னால் வைத்தால் அரை மீட்டர். பின்னால் இருப்பதுதான் முந்திக்கொள்ளும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த எஸ்.பி.பி. பிடரிக்குப் பின்னால் போய்விடுவார். கச்சேரிக்குப் போய் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தா கேட்பீர்கள்?

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லி, "மொதல்ல இருக்குற ரெண்டும் ஒழுங்கா ஓடுதான்னு பார்ப்போம்" என்றேன். இடது கதவைத் திறந்தால், கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. முன்பு யாரோ ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே சந்தேகம்.

பென்டார்ச் செல் ஒன்றை எடுத்தேன். 1.5 வோல்ட். செட் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி, வலது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸில் செல்லை ஒரு நொடி தொட்டால் 'டப்' என்று சின்னச் சத்தத்தோடு கோன் வெளியே வந்தது. இடதில் அதே மாதிரி தொட்டேன். கோன் உள்ளே போனது. இரண்டு கதவும் எதிரும் புதிருமாக வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. பேஸ் எல்லாம் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. எத்தனை ஸ்பீக்கர் சேர்த்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டு வயரையும் மாற்றிப் பிடித்து சால்டர் வைத்தேன். டோர் பேடுக்குள் தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளை டேம்பிங் ஷீட் ஒட்டி மூடினேன். கோனின் பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கச் சத்தத்தைக் கெடுக்கும். கோடை பண்பலை 100.5-ஐ வைத்துவிட்டு தம்பியை உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு நாலு பாட்டு கேட்டார். வெளியே வந்தவர் "அண்ணே, பின்னாடி வேணாம்" என்றார். கூலியும் ஷீட்டும் சேர்த்து 1,400 ரூபாய். நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று வீட்டில் இன்றைக்கும் கணக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் கார் ஆடியோ ஆசாமிகள் கை தட்டுவார்கள். "பின் ஸ்பீக்கரே தண்டம், காசையெல்லாம் முன் கதவில் போடு" என்பது அவர்களுடைய வேதவாக்கு. அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. அந்தப் பேச்சு முழுக்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுவது. தனியாக ஓட்டுகிறவனுக்கு, ஸ்போர்ட்ஸ் காருக்கு, அது சரி. நம் ஊர்க் கார்களில் எத்தனை தனி ஆளோடு ஓடுகின்றன? முன்னால் வீட்டுக்காரரும் அவர் மச்சானும் இருப்பார்கள். அம்மா, அப்பத்தா, பிள்ளையை மடியில் வைத்த மருமகள் எல்லாம் பின்னால்தான். முன்னால் போதுமென்று சொல்கிறவர் யாருக்குப் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மூன்று வருடம் வயரிங் வேலை பார்த்தேன். பஸ்ஸில் ஸ்பீக்கரைக் கூரையோரமாக முன்னிருந்து கடைசி வரை வரிசையாக வைப்போம். ஸ்டீரியோவாவது மண்ணாவது, எல்லாவற்றிலும் ஒரே சத்தம். இடது பக்கம் வயலின் வலது பக்கம் கிதார் என்கிற நுணுக்கமெல்லாம் அதில் செத்துவிடும். ஆனால் கடைசி சீட்டில் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கும் டிரைவருக்கும் ஒரே இளையராஜாதான் கேட்கும். டிக்கெட் ஒரே விலை, பாட்டும் ஒரே பாட்டு. பெரிய மேஸ்திரி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவார். கார் கம்பெனியில் அப்படிப் பின்னால் போய் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் அந்த வெறும் சல்லடை வெளியே வந்திருக்குமா?

கம்பெனிகளின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. எல்லா வேரியன்ட்டுக்கும் டோர் பேடை ஒரே அச்சில் அடித்தால் செலவு குறைவு. சரி. சில மாடல்களில் வயரும் கப்ளரும்கூடப் பின் கதவு வரை வந்து நிற்கின்றன. ஸ்பீக்கர் மட்டும் இல்லை. என் கடையில் சுமாரான ஜோடி ஒன்று 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். லட்சக்கணக்கில் ஸ்பீக்கர் வாங்கும் கம்பெனிக்கு அது எவ்வளவுக்கு விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்காக அடுத்த வேரியன்ட்டுக்குப் போ, கூடவே உனக்கு வேண்டாத நாலு சாமானையும் வாங்கு என்றால் என்ன நியாயம்? செட் கொடுத்தால் நாலு ஸ்பீக்கரும் கொடுக்கட்டும். முடியாதென்றால் வயரையாவது இழுத்து விடட்டும். அதுவும் முடியாதென்றால் சல்லடையை அடைத்துவிட்டு விற்கட்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது வண்டியில் கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். அந்தந்த மாடலுக்கென்று கப்ளர் விற்கிறது, சொருகினால் போதும். வயரை வெட்டியிருந்தால், பிற்பாடு கண்ணாடி ஏறாவிட்டால்கூட "வெளியே கை வைத்திருக்கிறீர்கள்" என்று வாரன்டியில் தட்டிக்கழிப்பார்கள். வெளியே போட்ட ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரை இன்சூரன்சில் சொல்லிச் சேர்க்க ஐ.எம்.டி. 24 என்றொரு பிரிவு இருக்கிறது. சாமான் விலையில் 4 சதவீதம்தான் கூடுதல் பிரீமியம். யாரும் சேர்ப்பதில்லை, திருடு போன பிறகுதான் ரசீதைத் தேடிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

வெள்ளைக் காருக்கு வருகிறேன். அதில் பின் கதவு வரை வயர் வந்திருந்தது. ஆறரை இஞ்ச் ஜோடி ஒன்றைச் சுற்றிலும் ஃபோம் வைத்து உட்காரவைத்தேன். பிளாஸ்டிக் தாளைக் கிழித்த இடத்தில் திரும்ப ஒட்டினேன். அதை ஒட்டாமல் விட்டால் ஐப்பசி மழையில் கோன் ஊறிவிடும். செட்டில் ஃபேடரைத் தட்டி, முன்னால் கொஞ்சம் தூக்கலாகவும் பின்னால் தணிவாகவும் வைத்தேன். முன்னால் இருப்பவருக்குப் பாட்டு முன்னாலிருந்தே வர வேண்டும், பின்னால் இருப்பவர் கழுத்தை நீட்டாமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

கரூர் நான்குவழிச் சாலை வரை ஒரு ரவுண்டு போய்வந்தோம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் இரண்டும் சல்லடையில் காதை வைத்துக்கொண்டு வந்தன. அப்பத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ, சத்தம் ஜாஸ்தியோ என்று நான் செட்டில் கை வைக்கப் போனேன்.

"இரு இரு, கொறைக்காத" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "ஏன்டா, இம்புட்டு நாளா நீங்க முன்னாடி ரெண்டு பேரும் பாட்டா கேட்டுக்கிட்டு வந்தீங்க?"