அழுத பிள்ளைக்குத்தான் அல்ஜீப்ராவா?

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் யாருக்கு என்ற சண்டை கோர்ட்டுப் படி ஏறியது. சுப்ரீம் கோர்ட்டு வாசல் வரை போய்த் திரும்பியது. வழக்கு நடந்தது சுமார் 3 வருஷம். இரு தரப்பு வக்கீல்களும் 9-ம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டுதான் வாதாடினார்கள். ஆனால் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது அங்கே இல்லை. இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே, 6-ம் வகுப்பிலும் 7-ம் வகுப்பிலும், சத்தம் போடாமல் சாத்தியாகிவிட்டது.

திருட்டு நடந்த வீட்டில் வாசல் பூட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, கொல்லைப்புறம் போகாமலே மகஜர் எழுதிக்கொண்டு கிளம்பிய கதையாகப் போய்விட்டது இந்த விவகாரம்.

பள்ளிக்கூடத்தின் பெயர் தாமஸ் ஜெபர்சன் ஹைஸ்கூல். தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய விர்ஜீனியா மாநிலத்தில், பேர்பாக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்ம ஊர் ஜில்லா மாதிரி. விஞ்ஞானம், தொழில்நுட்பம் இவற்றுக்கென்றே 1985-ல் ஆரம்பித்த சர்க்கார் பள்ளி. சம்பளம் கிடையாது. 2020-ல் பிரபல பத்திரிகை ஒன்று போட்ட பட்டியலில் அமெரிக்கா முழுமைக்கும் முதல் இடம் பிடித்தது. அப்புறம் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? 9-ம் வகுப்பில் இருந்தது 500-க்கும் குறைவான இடம். மனுப் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்தக் காலத்தில் மனுவோடு 100 டாலர் கட்ட வேண்டும். அப்புறம் நுழைவுப் பரீட்சை. பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதற்கு டியூஷன் சென்டரும் முளைக்கத்தானே செய்யும்? முளைத்தது. கையில் காசும் வீட்டில் காரும் இருக்கிறவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். வருஷா வருஷம் ஒரு சில நடுநிலைப்பள்ளிகளிலிருந்தே பெரும்பாலான பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். பல பள்ளிகளிலிருந்து ஒருவர் போவதே அபூர்வம்.

பரீட்சை போனது, வழக்கு வந்தது

2020 அக்டோபரில் கவுண்டியின் பள்ளிக்கூட போர்டு பரீட்சையைத் தூக்கியது. 100 டாலர் கட்டணமும் போனது. டிசம்பரில் புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு நடுநிலைப்பள்ளிக்கும் அதன் 8-ம் வகுப்பு எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் இடம் ஒதுக்கீடு. மீதி இடத்துக்குப் பொதுப் போட்டி. மார்க்கு, கட்டுரை, வீட்டு நிலைமை எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். மொத்த இடமும் 550 ஆகியது.

2021-ல் முடிவு வந்தபோது ஊரே பரபரத்தது. முந்தின வருஷம் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இப்போது 25. கறுப்பு இனப் பிள்ளைகள் 1-லிருந்து 7. ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்கள் 3-லிருந்து 11. ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் 73-லிருந்து 54-க்கு இறங்கினார்கள்.

ஆசியக் குடும்பங்கள் என்றால் அதில் சீனர், கொரியர், இந்தியர் எல்லாரும் சேர்த்தி. அந்த வட்டாரத்தில் நம்ம நாட்டிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். தமிழ் பேசும் வீடுகளும் உண்டு. பெற்றோர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கென்றே போர்டு திட்டம் போட்டது என்பது அவர்கள் வாதம். 2022 பிப்ரவரியில் கீழ்க்கோர்ட்டு நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2023 மே மாதம் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் போர்டு பக்கம். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. இரண்டு நீதிபதிகள் மட்டும் அதற்கு மறுப்புத் தெரிவித்தார்கள்.

அந்தப் பெற்றோர் ஆத்திரத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பிள்ளை ராத்திரி 11 மணி வரை கண்விழித்துப் படித்தது பொய்யா? விதியை நடு ஆட்டத்தில் மாற்றினால் யாருக்கும் வயிறு எரியும். அதே சமயம், ஏழை வீட்டுப் பிள்ளை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத பள்ளிக்கூடம் சர்க்கார் பணத்தில் நடக்கிறது என்றால், எதையும் மாற்றாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சரி. இவ்வளவு அமர்க்களத்திலும் ஒரே ஒரு விதியை மட்டும் போர்டு அசைக்கவில்லை. பொதுஜனம் அதைப் பெரிதாகக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்த ஒரு வரி

மனுப் போடுகிற பிள்ளை 8-ம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா-1 படித்துக்கொண்டிருக்க வேண்டும். அல்லது அதற்கும் மேற்பட்ட கணக்கு. கூடவே விஞ்ஞானம் முதலிய பாடங்களில் 'ஹானர்ஸ்' என்று சொல்லுகிற உயர்தர வகுப்பு. மார்க்கு சராசரி 4-க்கு மூன்றரை. முன்பு 3 இருந்தால் போதும் என்று இருந்ததை மூன்றரையாக உயர்த்தினார்கள்.

நம்ம ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். அங்கே அப்படி இல்லை. ஒரே 8-ம் வகுப்பில் ஒருவன் சாதாரணக் கணக்கு, இன்னொருவன் அல்ஜீப்ரா, வேறொருவன் ஜியோமெதி. எவன் எந்த வகுப்பில் உட்காருவது என்பது முன்கூட்டியே தீர்மானம் ஆகிவிடும்.

விதியே அநியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஹைஸ்கூலில் கால்குலஸ் முடிக்காமல் வெளியே வர முடியாது. அல்ஜீப்ரா-1, ஜியோமெதி, அல்ஜீப்ரா-2, பிரிகால்குலஸ், கால்குலஸ். வருஷத்துக்கு ஒரு ஸ்டேஷன். 8-ம் வகுப்பில் வண்டி ஏறினால் 12-ம் வகுப்பில் கடைசி ஸ்டேஷன். 9-ம் வகுப்பில் ஏறினவன் பள்ளிப்படிப்பு முடிகிறபோது பிரிகால்குலஸிலேயே நின்றுபோவான். அதனால் விதிக்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி வேறே. 8-ம் வகுப்பில் அந்த வண்டியில் ஏற்றிவிடுவது யார்?

ஒரு நடுநிலைப்பள்ளியில் 8-ம் வகுப்புப் பிள்ளைகள் 400 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்றரை என்றால் 6 இடம். அந்த 6 இடமும் அல்ஜீப்ரா படிக்கிறவர்களுக்குள்ளேதான். கணக்கில் புலியாக இருந்தும் சாதாரணக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அங்கே வேலை இல்லை. அவன் தோற்றான் என்றுகூடச் சொல்ல முடியாது. க்யூவிலேயே நிற்கவில்லையே!

"யார் தடுத்தது? ஹானர்ஸ் வகுப்பு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கிறது, விரும்பினவர் சேரலாமே" என்று அதிகாரிகள் தரப்பில் பதில் வரும். வாஸ்தவம். திறந்துதான் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டும். கேட்கிறதற்கு முன்னால், கேட்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். 6-ம் வகுப்பில் எடுக்கிற கணக்குதான் 9-ம் வகுப்பு மனுவைத் தீர்மானிக்கும் என்று எந்தத் தகப்பனுக்கு ஜோசியம் தெரியும்? பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருந்தால் தெரியும். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர் சொன்னால் தெரியும். ராத்திரியில் ஓட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டு விடியற்காலம் வீடு திரும்புகிறவருக்கு, படிவத்தில் கையெழுத்து எங்கே என்று மட்டும்தான் தெரியும்.

இன்னும் ஒரு படி கீழே போனால் விஷயம் நாறுகிறது. பேர்பாக்ஸில் 7-ம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா எடுப்பதற்கு நெடுநாள் ஒரு தகுதி வைத்திருந்தார்கள். 6-ம் வகுப்பில் ஒரு தனிப் பரீட்சை. அதில் நூற்றுக்கு 91 பேரை முந்தியிருக்க வேண்டும். மாநிலப் பரீட்சையில் 600-க்கு 500 வேண்டும். அந்த 500-க்குத் தயாராகிற பிள்ளை எங்கிருந்து வருகிறது? கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று 3-ம் வகுப்பில் தொடங்குகிற தனி வகுப்பிலிருந்து. அதற்குப் பொறுக்கி எடுப்பது 2-ம் வகுப்பில்! பால் பல் விழுந்து முடியாத வயசு. அங்கேயும் தாய் தகப்பன் சிபாரிசு மனு கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பீல். வெளியே மனோதத்துவ நிபுணருக்குப் பணம் கட்டிப் பரீட்சித்து, அந்த மார்க்குச் சீட்டை அப்பீலில் இணைக்கிற வழியும் இருந்தது. 7 வயசுப் பிள்ளைக்கு அப்பீல் போடத் தெரிந்த குடும்பம் எது, தெரியாத குடும்பம் எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பந்தியையே நிறுத்தினால்?

இந்த அநியாயத்துக்கு சான்பிரான்சிஸ்கோ நகரம் ஒரு வைத்தியம் செய்தது. 2014-ல் 8-ம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். எல்லாரும் 9-ம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கட்டும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். நடந்தது என்ன? வசதி உள்ளவர்கள் கோடை லீவில் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள். வசதி இல்லாதவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வழியும் அடைபட்டது. உயர்தரக் கணக்கு வகுப்புகளில் கறுப்புப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி குறையவில்லை என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் காட்டினார்கள். 2024 மார்ச்சில் ஓட்டெடுப்பு. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் 'அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவா' என்று ஓட்டுப் போட்டார்கள். பின்வாசலில் போய்ச் சாப்பிடுகிறவன் இருக்கிறான் என்று பந்தியையே நிறுத்தினால், பட்டினி கிடப்பது வாசலில் நிற்கிறவன்தான்.

வேறு வழி இருக்கிறது. செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

புளோரிடா மாநிலத்தில் பிரவார்டு கவுண்டி. அங்கேயும் கெட்டிக்காரப் பிள்ளை வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ சிபாரிசு செய்தால்தான் பரீட்சை என்று இருந்தது. 2005-ல் மாற்றினார்கள். 2-ம் வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடமே பரீட்சை வைத்தது. சிபாரிசு வேண்டாம், மனு வேண்டாம். அதுவரை கண்ணில் படாமல் கிடந்த பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கறுப்புப் பிள்ளைகளில் தேர்வானவர்களின் விகிதம் நூற்றுக்கு 80 கூடியது. ஸ்பானிஷ் வழிப் பிள்ளைகளில் தேர்வானவர்களின் விகிதம் நூற்றுக்கு 130 கூடியது. டேவிட் கார்டு என்ற பொருளாதார நிபுணர், லாரா ஜூலியானோ என்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்து எழுதினார். பிறகு 2021-ல் வேறு ஆராய்ச்சிகளுக்காக நோபல் பரிசு வாங்கியவர் அவர். பிரவார்டில் அப்புறம் பணமுடை வந்தது. எல்லாருக்கும் பரீட்சை என்பதை நிறுத்தினார்கள். எண்ணிக்கை பழையபடி விழுந்தது. பிள்ளைகளின் மூளையா அதற்குள் மழுங்கிவிட்டது?

கணக்கு வகுப்புக்கும் இதே வழியைச் சில மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. வட கரோலினாவில் 2018-ல் சட்டம் போட்டார்கள். வருஷக் கடைசிக் கணக்குப் பரீட்சையில் உச்ச நிலையில் தேறிய பிள்ளைக்கு அடுத்த வருஷம் உயர்தர வகுப்பில் இடம் தர வேண்டும். டெக்சாஸ் 2023-ல் இன்னும் தாராளமாகப் போனது. 5-ம் வகுப்புக் கணக்கில் மேல்வரிசை நூற்றுக்கு 40 பேர் 6-ம் வகுப்பில் தானாகவே உயர்தரக் கணக்கில் சேர்த்தி. பெற்றோருக்கு வேண்டாம் என்றால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாருங்கள், பேப்பரில் ஒரே ஒரு மாற்றம்தான். முன்பு 'வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தவன் பிள்ளை உள்ளே போனது. இப்போது 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால்தான் வெளியே.

சட்டம் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று கைதட்டிக்கொண்டு உட்கார முடியாது. அல்ஜீப்ரா நடத்தத் தெரிந்த வாத்தியார் வேண்டும். ஏழைகள் வசிக்கிற பக்கத்துப் பள்ளியிலும் அந்த வகுப்பு நடக்க வேண்டும். திடீரென்று உயர்தர வகுப்பில் உட்கார வைத்த பிள்ளை முதல் மாசம் திணறும். சாயங்காலம் கூட ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற செலவு, மூன்று வருஷம் வழக்கு நடத்துகிற செலவை விட உபயோகமான செலவுதானே?

அமெரிக்காவில் அக்காவோ தம்பியோ இருக்கிறவர்கள் அடுத்த தடவை போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள், 6-ம் வகுப்புப் பிள்ளை எந்தக் கணக்கு எடுக்கிறது என்று. பளிச்சென்று பதில் வரும். 7-ல் என்ன, 8-ல் என்ன என்பதையும் சேர்த்து ஒப்பிப்பார்கள். நம்ம ஆட்கள் அந்த விஷயத்தில் கெட்டி.

அதே பேர்பாக்ஸில் எல் சால்வடார் தேசத்திலிருந்து வந்த குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. ராத்திரியில் ஆபீஸ் கூட்டுகிற தாய், கட்டட வேலைக்குப் போகிற தகப்பன். அந்த வீட்டுப் பெண் மாநிலப் பரீட்சையில் 520 வாங்கியிருந்தால் அந்த மார்க்கு போர்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவாகித்தான் இருக்கும். லீவு விடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். ஸ்பானிஷ் மொழியில். 'உங்கள் மகளுக்கு அடுத்த வருஷம் உயர்தரக் கணக்கு வகுப்பில் இடம் போட்டாச்சு. நீங்கள் எதுவும் எழுதித் தர வேண்டாம்' என்று.