காலிக் கட்டில் வீணா?

ஆஸ்பத்திரி வார்டில் நாலு கட்டில் காலியாகக் கிடந்தால், “வீணாய்க் கிடக்கிறதே!” என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள், அம்மணி! இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் ஆஸ்பத்திரியை நடத்திப் பார்த்தார்கள். அவசர நோயாளிகள் சொல்லிக்கொண்டா வருவார்கள்? ஒரு நாள் நாலு பேர், மறுநாள் கூட்டம். வீடு திரும்புவதும் அப்படித்தான். சராசரியாக நூற்றுக்கு 85 கட்டில் நிரம்பும்வரை சமாளிக்க முடிந்தது. அதற்கு மேல் ஆபத்து தலைகாட்டியது. 90-ஐத் தாண்டியதும், “இடமில்லை” என்பதே வாடிக்கையாகிவிட்டது! விருந்தாளி வருவாரென்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிற நமக்கு இது புதிதா, என்ன? அந்த நாலு கட்டிலும் நடுநிசியில் மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு.