சிறகு முளைக்காத கதைகள்

சிறு குழந்தைகளுக்கு உடற்குறை பற்றி எவ்வாறு எடுத்துரைப்பது என்ற வினா எழும்போதெல்லாம் நாம் முதலில் நாடுவது விலங்குக் கதைகளையே. அது இயல்பானதும்கூட. ஊன்றுகோலோடு நடப்பவரை ஐந்து வயதுக் குழந்தை உற்றுப் பார்த்தால், பெரியவர்கள் அதட்டிக் கையைப் பிடித்து இழுத்துச் செல்வர். குழந்தை கேட்க நினைத்தது அங்கேயே அடங்கிப்போகும். கதையில் வரும் பறவையையோ மீனையோ எவ்வளவு நேரமும் பார்க்கலாம், எதையும் கேட்கலாம். ஆகவே வழி நல்ல வழியே. அந்தக் கதைகளை எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் நமக்கு ஐயம்.

நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். 'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு' என்பது பழமொழி. ஏற்கத்தகாத காரணத்தை 'நொண்டிச் சாக்கு' என்று இன்றும் தயக்கமின்றி எழுதுகிறோம். ஒரு விலங்கின் கால்வலி ஏமாற்றுக்கு உவமையாகிவிட்டது. இன்னொரு புறம் நொண்டி நாடகங்கள் உள்ளன. அவற்றில் திருடியவனின் கால் தண்டனையாக வெட்டப்படுகிறது. பின்னர் இறையருளால் வளர்ந்துவிடுகிறது. குறை என்பது குற்றத்தின் கூலி, அது நீங்குவதே நல்ல முடிவு என்னும் எண்ணம் நம் கதைமரபில் ஆழ வேரோடியிருக்கிறது.

சம்பாதியின் கதையை எடுத்துக்கொள்வோம். தம்பி சடாயுவைக் கதிரவனின் வெம்மையிலிருந்து காக்கத் தன் சிறகுகளைக் குடையாக விரித்துக் கருகக்கொடுத்தவன் அவன். வான்மீகத்தில், பறக்கவியலாத அந்த முதிய பறவைக்கு மகன் சுபார்சுவன் இரை கொணர்ந்து தருகிறான். சீதையைத் தேடிச் சோர்ந்த வானரர்க்கு, இருந்த இடத்திலிருந்தே இலங்கையைக் கண்டு வழிசொல்பவன் அவனே. சிறகில்லாதவன் சொல்லாவிடில் தேடல் மேலே நகர்ந்திராது. ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் விரைந்து ஓடி நிற்பது, அவனுக்குச் சிறகு மீண்டும் முளைக்கும் இடத்தில். காப்பியத்தின் நோக்கம் வேறு. அதனோடு நமக்குப் பிணக்கில்லை. எனினும், காலில் இரும்புப் பட்டையணிந்து அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி அக்கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்வாள்? 'எனக்கு ஏன் இன்னும் முளைக்கவில்லை' என்பதைத்தானே?

இதற்கு மாறான கதைகளும் உண்டு. 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தில் சின்னஞ்சிறு மீனுக்கு ஒரு துடுப்பு சிறுத்தே பிறந்திருக்கிறது. கதை முடியும்போதும் அது சிறியதாகவே இருக்கிறது. அங்கே மாறுவது துடுப்பன்று. 'உன்னால் முடியாது' என்று அஞ்சி அஞ்சித் தடுத்த தந்தைதான் மாறுகிறது.

கற்பனை வேண்டாமெனில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழ்ந்த விண்டர் என்னும் ஓங்கிலின் வரலாறு இருக்கிறது. 2005 டிசம்பரில், சில மாதக் குட்டியாக நண்டுப்பொறியின் கயிற்றில் சிக்கி அது வாலை இழந்தது. வாலை மேலும் கீழும் அசைத்து நீந்துவதே ஓங்கிலின் இயல்பு. விண்டரோ மீனைப்போல் உடலைப் பக்கவாட்டில் வளைத்து நீந்தக் கற்றுக்கொண்டது. 'விடாமுயற்சி வென்றது' என்று நாம் கதையை முடிப்பது இங்கேதான். உண்மை அங்கே முடியவில்லை. அவ்வாறு நீந்துவது முதுகெலும்புக்குக் கேடு என்று மருத்துவர்கள் கண்டனர். மனிதர்க்குச் செயற்கை உறுப்பு செய்யும் வல்லுநர்கள் அதற்கொரு வாலை உருவாக்கினர். தோல் புண்படாதிருக்க மென்மையான கூழ்ப்பொருளாலான உறையொன்றும் செய்தனர். அவ்வுறை பின்னர்க் கையும் காலும் இழந்த மனிதர்க்கும் பயன்பட்டது. 2021 நவம்பரில் இறக்கும்வரை விண்டருக்கு வால் முளைக்கவேயில்லை.

குழந்தைகளுக்கு முழுதும் சொல்லவேண்டிய கதை இதுவே என்பது நம் துணிபு. தன்னம்பிக்கையை மட்டும் போற்றும் கதை, சுமை முழுவதையும் குறையுள்ள குழந்தையின் தோளிலேயே ஏற்றிவிடுகிறது. நீ முயன்றாய், வென்றாய். வெல்லவில்லையெனில் போதிய அளவு முயலவில்லை. மற்ற முப்பது குழந்தைகளுக்கோ கைதட்டுவதன்றி அக்கதையில் வேலையே இல்லை. விண்டரின் கதையில் பலருக்கும் வேலை இருக்கிறது. கயிற்றை விட்டுச்சென்றவர்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விலங்கை மாற்றுத்திறனாளிக்கு ஒப்பிடுவது இழிவாகாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கதை முடிந்ததும் 'இவளும் அந்த மீனைப்போலத்தான்' என்று வகுப்பில் ஒருத்தியைச் சுட்டினால் இழிவேதான். கதையைக் கதையாக விட்டுவிட்டு, 'அதற்கு யார் யார் உதவினர்? வேறு என்ன செய்திருக்கலாம்?' என்று எல்லாக் குழந்தைகளையும் கேட்பதே தக்கது.

பள்ளிக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் தானே சாய்தளம் கட்டாது. 'நம் பள்ளி வாசலில் படி மட்டும் ஏன் இருக்கிறது?' என்று ஆறு வயதில் கேட்கக் கற்ற குழந்தைகள் வளர்ந்து கட்டுவர். அக்கேள்வியை எழுப்பாத கதை எத்துணை இனிதாயினும் பாதிக் கதையே.