கூரைக்குப் பின்னரே குளிரூட்டி

இணுவிலில் எழும் புதிய மாடி வீடுகளிற் பல ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கீழே பெற்றோர், மேலே மகள் குடும்பம், பின்புறம் வாடகைக்கு என ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்புகள் எரிகின்றன. இத்தகைய வீட்டுக்கு எவ்வகைக் குளிரூட்டல் பொருந்தும்? கனடாவிலிருந்து பணம் அனுப்பும் உறவினர், அங்கு தம் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஒற்றைப் பொது இயந்திரத்தையே இங்கும் பரிந்துரைப்பதுண்டு. சூடாக்கும் தேவை நமக்கு இல்லை. மார்கழிப் பனிக்குப் போர்வை போதும்.

பொது இயந்திரத்தை நாம் ஏற்காமைக்கு முதற்காரணம் மின்மானி. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது; பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும். ஒரு தொன் குளிரூட்டி இரவில் எட்டு மணிநேரம் இயங்கினால் ஏறத்தாழ 5 அலகு, மாதத்துக்கு 150 அலகு செலவாகும். அதே நேரம் சுழலும் மின்விசிறிக்கு மாதம் 18 அலகே போதும். மூன்று குடும்பங்களின் பாவனை ஒரே மானியிற் சேர்ந்தால், சிக்கனமாக வாழ்பவரும் உச்சப்படியின் விலையைச் செலுத்த நேரிடும். 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்தபோது இச்சுமை எத்தகையது என்பதைப் பலரும் உணர்ந்தனர். ஆகவே பகுதிக்கொரு மானி, உறங்கும் அறைக்கு மட்டும் தனி இன்வேர்ட்டர் குளிரூட்டி என்பதே நமது நிலைப்பாடு. நீரால் குளிர்விக்கும் 'எயார் கூலர்' விலை குறைந்ததுதான். ஆயினும் ஈரப்பதன் மிகுந்த நம் காற்றில் அது புழுக்கத்தையே கூட்டும்.

ஆனால் இயந்திரத்துக்கு முன்னர் நோக்கவேண்டியது கூரை. நம் முன்னோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வெப்பக்காற்றை மேலே போக்கியது. ஓட்டுக்கூரை மாலையில் விரைந்து ஆறியது. கொங்கிரீட் தட்டோ பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, நாம் உறங்கும் வேளையில் அதனை அறைக்குள் இறக்குகின்றது. தட்டுக்கு வெண்பூச்சு இடுதல், இடைவெளி விட்டு மேலே ஒரு தகரக் கூரை அமைத்தல், சோளகக் காற்று நுழையத் தென்மேற்கிற் சாளரம் வைத்தல் ஆகியன ஒருமுறைச் செலவுகள். சிக்கல் என்னவெனில், கூரையைத் தீர்மானிப்பவர் வீட்டு உரிமையாளர். மின்பட்டியலைச் செலுத்துபவர் வாடகைக்குடியிருப்பவர். தமக்கு இலாபமில்லாத பூச்சுக்கு உரிமையாளர் ஏன் செலவிட வேண்டும்? வாடகை பேசும்போதே கூரையையும் மானியையும் பேசி எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி நமக்குத் தெரியவில்லை.

வெளியலகை எங்கே பொருத்துவது என்பதும் அற்ப விடயமன்று. இணுவிலின் வளவுகளில் ஓரளவு இடமுண்டு. யாழ். நகரின் சோனகதெருவில் நிலைமை வேறு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், பெற்றோரின் சிறு காணியைப் பங்கிட்டு வீடெழுப்ப நேர்கையில் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்கின்றது. அங்கு ஒருவரின் குளிர்ச்சி, அயலவரின் சாளரத்தில் வெந்த காற்றாகவும் சொட்டும் நீராகவும் முடியும். துளையிடுமுன் அயலவரை அழைத்து இடத்தைக் காட்டிவிடுவது நன்று.