மூச்சு முட்டுமா என்று முதலில் கேளுங்கள்

பல் நாற்காலியைச் சாய்த்ததும் மூச்சு முட்டுகிறவர்கள் பலர். அதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் சிலர்தான். வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது என்பது ஒரு காரணம். வயது வந்த ஆள் பல் டாக்டரைக் கண்டு பயப்படலாமா என்ற வெட்கம் அதைவிடப் பெரிய காரணம். கிராம்பு, உப்புத் தண்ணீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை என்று நாளைக் கடத்திவிட்டு, கன்னம் வீங்கிய பிறகே இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்ற சொல் அங்கே அவர்களுக்குக் கிடைக்கிறது. நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அது சிகிச்சை ஆகாது. ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டு எழுதுவதுபோல, பயத்தையும் மூச்சுத் திணறலையும் முன்கூட்டியே கேட்டு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்பதே என் வாதம். கடலூர் மாவட்டத்தில் அதைத் தொடங்கப் பொருத்தமான இடம், சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், இது கோழைத்தனம் அல்ல என்பது விளங்கும். மல்லாந்து படுத்த நிலையில், திறந்த வாயில் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் நாக்கின் பின்பகுதி எழுந்து அடைத்துக்கொள்கிறது. அப்போது மூக்கு வழியாக மட்டுமே மூச்சு விட முடியும். சளியோ மூக்கடைப்போ இருப்பவருக்கு அந்த வழியும் பாதி மூடியிருக்கும். மேல் அண்ணத்தில் போடும் ஊசி சில சமயம் தொண்டையின் விளிம்பு வரை மரத்துப்போகச் செய்யும். காற்று தடையில்லாமல் போய்வந்தாலும், போவது உணர்வில் தெரியாததால் அடைத்துவிட்டதாக மனம் நம்பும். மரத்துப்போகப் பரவலாகப் பயன்படும் லிக்னோகெயின் மருந்தில் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். சிலருக்கு அது சில நிமிடம் நெஞ்சுப் படபடப்பைத் தரும். அந்தப் படபடப்பைப் பயம் என்று எண்ணுவதால், பயம் இன்னும் கூடும். பயந்தவர் வேகவேகமாக மூச்சிழுப்பார். அப்படி இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உதடும் விரல் நுனியும் மதமதக்கின்றன, தலை கிறுகிறுக்கிறது, காற்று போதவில்லை என்ற தவிப்பு வருகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடுகிறவருக்கு மூச்சே வரவில்லை என்று தோன்றுகிறது. இவரிடம் "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்று சொன்னால் நிலைமை மோசமாகும். மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்வதுதான் சரி.

பயம் நினைவையும் திரித்துவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜெரி கென்ட் 1985இல் வெளியிட்ட ஆய்வு, பல் சிகிச்சைக்கு முன் எதிர்பார்த்த வலி, சிகிச்சையின்போது உணர்ந்த வலி, மூன்று மாதம் கழித்து நினைவில் நின்ற வலி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. அதிகம் பயந்தவர்களின் நினைவில் தங்கியது, அவர்கள் உண்மையில் பட்ட வலி அல்ல. பயந்து எதிர்பார்த்த வலி. சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும், அடுத்த முறை வருவதற்குள் மனம் அதைக் கெட்ட அனுபவமாக மாற்றி எழுதிவிடுகிறது. பயந்தவர் தள்ளிப்போடுகிறார், தள்ளிப்போட்டதால் சொத்தை ஆழமாகிறது, ஆழமான சொத்தைக்கு நீண்ட சிகிச்சை தேவைப்படுகிறது, அது பயத்தை உறுதிசெய்கிறது. இந்தச் சுழலின் கடைசியில் நிற்கும் ஆபத்தை அதிகம் பேர் அறியவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால், நாக்கு மேலே தூக்கி, தாடையின் அடி கட்டையாக வீங்கி, மூச்சுக்குழாயே அடைபடலாம். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் இந்த நோய், இன்றும் உயிரை எடுக்கக்கூடியது. நாற்காலியில் மூச்சு முட்டுமோ என்று பயந்து ஒதுங்கியவர், உண்மையாகவே மூச்சு நின்றுபோகும் இடத்துக்கு வந்து சேர்வது மருத்துவம் தடுத்திருக்க வேண்டிய கொடுமை.

தடுப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல் சிகிச்சைப் பயத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அமெரிக்காவின் நார்மன் கோரா 1969இல் வகுத்ததை, பிரிட்டனின் ஜெரி ஹம்ஃப்ரிஸ் 1995இல் திருத்தினார். ஐந்தே கேள்விகள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, பல்லைக் குடையும்போது, சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி? மதிப்பெண் 5 முதல் 25 வரை போகும். 19ஐத் தொட்டால் கடும் பயம். இதன் தமிழ் வடிவமும் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இதில் மூச்சைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆறாவதாக, "படுத்தா மூச்சு முட்டுமா, வீசிங் உண்டா, மூக்கடைப்பு உண்டா?" என்பதையும் நம் ஊரில் சேர்த்துக் கேட்க வேண்டும். ரசாயன வாடையையும் மூச்சுத் தொல்லையையும் பற்றிக் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களிலிருந்து பல ஆண்டுகளாகப் புகார் எழுந்துவரும் மாவட்டம் இது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் நாற்காலியைச் சாய்ப்பது தவறு.

கேட்டால் பயம் கிளறப்பட்டுவிடாதா என்று சில மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான், ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. கேள்வித்தாளை நிரப்புவதால் பயம் கூடுவதில்லை என்று ஹம்ஃப்ரிஸ் குழுவினரே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2002இல் பிரிட்டனில் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு பகுதியினரின் விடைகள் பல் மருத்துவரின் கையில் கொடுக்கப்பட்டன; மற்றவர்களுடையவை கொடுக்கப்படவில்லை. என் பயம் டாக்டருக்குத் தெரியும் என்ற நிலையில் சிகிச்சை பெற்றவர்களின் பதற்றம்தான் அதிகமாகத் தணிந்தது. சொல்ல இடம் கிடைத்ததே பாதி மருந்தாக வேலை செய்திருக்கிறது.

தெரிந்துகொண்ட மருத்துவர் செய்யக்கூடியவை எளியவை. முழுக்கச் சாய்க்காமல் பாதி சாய்த்து உட்காரவைக்கலாம். உறிஞ்சுகுழாயைத் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே வைத்திருக்கலாம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவதாகச் சொல்லி, ஒருமுறை தூக்கச் செய்து நிறுத்தியும் காட்டலாம். இதற்கு நான் மிகுந்த மதிப்பு கொடுக்கிறேன். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதை அடிக்கடி பயன்படுத்துவதில்லை. ஆனால் சொன்னபடி ஒருமுறை நிறுத்தாவிட்டால் நம்பிக்கை அதோடு போயிற்று. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் வேறு வழி: அவர்களுக்கு உடம்பைத் தளர்த்துவது உதவாது. கை கால் தசைகளைச் சில நொடி இறுக்கி விடும் பயிற்சியும், மயக்கம் வரும்போல் இருந்தால் உடனே படுக்கவைப்பதும்தான் உதவும். யாருக்கு எது என்று பிரித்தறியவாவது முதலில் கேட்டாக வேண்டும்.

சிதம்பரத்தை ஏன் சொல்கிறேன்? 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது அது. கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தை அடுத்து, 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியோடு சேர்த்து அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் மக்களுக்கும், கொள்ளிடம் தாண்டி சீர்காழிப் பக்கத்தவர்களுக்கும் எட்டும் தூரத்தில் இருப்பது. தனியார் கிளினிக்கில் ஒரு வேர் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத வயல் கூலிக்காரரும் மீனவரும் போகக்கூடிய இடம். பயந்து திரும்பிப்போனால் இவர்களுக்கு இன்னொரு டாக்டர் கிடையாது. மேலும், அங்கே நோயாளியைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும். கேஸ் ஷீட் எழுதும் பழக்கம் அந்த வயதில்தான் கையில் படிகிறது. அங்கே அந்த ஆறு கேள்வி ஒரு பத்தியாக அச்சாகிவிட்டால், படித்து முடித்தவர்கள் பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் கிளினிக் திறக்கும்போதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேரும்போதும் அந்தப் பழக்கம் கூடவே போகும்.

கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். காத்திருக்கும் பெஞ்சிலேயே நிரப்ப முடிகிற ஒரு தாளுக்கு டாக்டரின் நேரம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு மாணவர் வாசித்துக் காட்டலாம். பாதி வேலையில் வாயை மூடிக்கொண்டு எழுந்து போகிறவரால் வீணாகும் நேரம் இதைவிட அதிகம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: எல்லாவற்றையும் பயம் என்று எழுதிவைத்தால், உண்மையான நோயைத் தவறவிட மாட்டோமா? தவறவிடக்கூடும். படுத்தால் திணறுவதும், இரண்டு தலையணை வைத்துத் தூங்குவதும் இதய பலவீனத்தின் அறிகுறியாக இருக்கலாம். ஊசிக்குப் பின் உடம்பில் தடிப்பும் முகவீக்கமும் சேர்ந்து மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை, நொடியும் தாமதிக்கக் கூடாத அவசரம். கொரோனா காலத்தில் வீடுதோறும் பழகிப்போன பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவும். ஆனால் அதன் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே பயம்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. ஆகவே மூச்சைப் பற்றிய கேள்வி பயத்துக்கு மட்டுமானதல்ல. ஆஸ்துமாவையும் இதய நோயையும் ஊசிக்கு முன்பே பிடிப்பதற்கும் அதுவே வழி. இந்த மறுப்பு, கேட்பதற்கான காரணத்தை இன்னும் வலுவாக்குகிறது.

அப்படியும் அடங்காத பயம் சிலருக்கு உண்டு. 1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்த நைட்ரஸ் ஆக்சைடு வாயு இன்றும் அவர்களுக்குப் பயன்படுகிறது; பயிற்சி பெற்றவர் கையில் அது பாதுகாப்பானது. மூக்கு வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், மூக்கடைப்பு உள்ளவருக்கு அது எடுபடாது. மனநல ஆலோசகரிடம் சில அமர்வுகள் பேசிப் படிப்படியாகப் பழகுவது இதைவிட நீடித்த பலன் தரும். பல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கும் அண்ணாமலை நகரில், ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதினாலே அது நடக்கும்.

கேஸ் ஷீட்டில் அந்தப் பத்தி அச்சாகும்வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு போகாமல் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்ஹேலர் இருந்தால் பையில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். மூக்கடைப்பு கடுமையாக இருக்கும் நாளில், அவசரம் இல்லாத வேலையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவுடன், வாயைத் திறப்பதற்கு முன்பே, "டாக்டர், படுத்தா எனக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் நிமிர்த்தி வச்சுப் பாருங்க. கையைத் தூக்கினா நிறுத்திடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.